நல்ல நேரத்தில் பார்த்த வீடு

வீடு வாங்கப் போகிறேன் என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டு வந்தால் நான் முதலில் சொல்வது இதுதான். ராகு காலத்தில் போய் வீட்டைப் பாருங்கள். எமகண்டத்திலும் ஒரு தடவை போங்கள். சொல்லிக்கொள்ளாமல் போங்கள். பூட்டிய கதவு எதுவும் இருந்தால் திறந்து காட்டச் சொல்லுங்கள். சாவி கடையில் இருக்கிறது, மச்சினனிடம் இருக்கிறது என்றால், வரட்டும் என்று அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் அதற்கு அப்புறம். கேட்டவர்கள் சிரிக்கிறார்கள். தாலுகா அலுவலகத்தில் இத்தனை வருஷம் டைப் அடித்தவள் ஏதாவது சட்ட நுணுக்கம் சொல்வாள் என்று வந்தவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கிறது. நேரே போய்ப் பஞ்சாங்கத்தைப் புரட்டி நல்ல நேரம் குறித்துக்கொண்டுதான் வீடு பார்க்கப் போகிறார்கள். எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று விட முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. சங்கரன்கோவிலில் நான் டைப்பிஸ்ட், என் கணவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் ஐந்து வாடகை வீடு பார்த்துவிட்டோம். ஒரு வீட்டில் அம்மி அரைக்கக் கூடாது, இன்னொன்றில் ஏழு மணிக்கு மேல் விருந்தாளி வரக் கூடாது. கடைசியாக இருந்த வீட்டுக்குப் பின்சுவரும் விசைத்தறிக் கொட்டகைக்கு முன்சுவரும் ஒரே சுவர். பிள்ளைகள் இரண்டும் சாதாரணமாகப் பேசுவதையே கத்திப் பேசப் பழகிவிட்டன. சொந்த வீடு என்ற பேச்சை எடுத்தது நான்தான். அதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

வத்தல் மண்டி வைத்திருந்த ஒருவர் ராஜபாளையத்துக்கே குடிபோகிறார், வீட்டை விற்கிறார் என்று தகவல் வந்தது. முன்கூடம், இரண்டு அறை, அடுக்களை, பின்னால் வானம் பார்த்த முற்றம், முற்றத்தில் கிணறு. எங்கள் ஊரில் தெருக்குழாயில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வந்தால் அதிர்ஷ்டம். வீட்டுக்குள் கிணறு என்றதும் என் கணவர் பாதி வாங்கிவிட்டார்.

மூன்று தடவை போய்ப் பார்த்தோம். மூன்று தடவையும் நாள் பார்த்து, நேரம் பார்த்து, இன்ன நேரத்துக்கு வருகிறோம் என்று முதல் நாளே ஆள் விட்டுச் சொல்லிவிட்டுப் போனோம். வாழ்க்கையில் முதன்முதலாக வீடு வாங்குகிறோம், எதிரே பூனைகூட வரக் கூடாது என்பது என் மாமியாரின் கட்டளை. விற்பவரும் இந்த விஷயத்தில் எங்களைவிடக் கெட்டிக்காரராக இருந்தார். வாசலில் கோலம், குத்துவிளக்கு, தட்டில் வெற்றிலைபாக்கு.

"வாங்க தங்கச்சி, வாங்க சார். சரியா நல்ல நேரத்துக்கு வந்துட்டிய," என்று வாய் நிறையக் கூப்பிட்டார்.

முற்றத்தின் வடமேற்கு மூலையில் ஓட்டுக் கூரை போட்ட சின்ன அறை ஒன்று இருந்தது. கதவில் திண்டுக்கல் பூட்டு தொங்கியது.

"அது ஒண்ணுமில்ல. விறகும் ஓட்டைச் சாமானுமா கிடக்கு. நீங்க வரதுக்குள்ள ஒழிச்சுத் தந்துருதேன்," என்றார்.

என் கணவருக்கு அந்த அறையைப் பார்த்ததும் டியூஷன் ஞாபகம் வந்துவிட்டது. வெளிச்சுவர் ஓரமாக அடிமேல் அடி வைத்து அளந்தார். "பதினோரு அடி இருக்கு. ஒரு ஜன்னல் வச்சுட்டா பதினஞ்சு பையன்களை உக்கார வைக்கலாம்," என்று சத்தமாகவே சொன்னார். நான் தலையாட்டினேன். திறந்து காட்டுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு ரூபாய்க்குக் கத்தரிக்காய் வாங்கினால் பூச்சி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறவள் நான்.

பத்திரம் எழுதியவர் பதிவு அலுவலகத்துக்கு எதிரே கூரைக் கொட்டகையில் மேஜை போட்டிருந்த எழுத்தர். ஊரில் பாதிச் சொத்து அவர் கையெழுத்தில்தான் கைமாறியிருக்கும். பதிமூன்று வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். எந்த வில்லங்கமும் இல்லை என்று வந்தது. அதற்கு முந்திய காலம்? என்று நான் ஒரு கேள்வி கேட்டேன், கேட்காமல் இல்லை.

"அதுக்குத்தான் மூலப்பத்திரம் இருக்குல்லா. அவரு அப்பா இவருக்கு எழுதி வச்ச செட்டில்மெண்டு. நான் வாசிச்சுப் பாத்தாச்சு. நீங்க நிம்மதியா ஆபீசுக்குப் போங்க யம்மா," என்றார் எழுத்தர்.

நான் நிம்மதியாக ஆபீசுக்குப் போனேன். கிரயம் பதிவாகிப் பத்திரங்கள் கைக்கு வந்தன. புதுப் பத்திரம் ஒன்று, அதோடு பழைய மூலப்பத்திரம். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்து இரண்டையும் சாமி அலமாரியில் வைத்தோம். அலுவலகத்தில் ஒரு புள்ளி விட்டுப் போனாலும் தாளை உருவி மறுபடி அடிக்கிறவள், என் சொந்த வீட்டுப் பத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டேன். எத்தனை வீடுகளில் இன்றும் பத்திரம் இப்படிச் சாமியோடு சாமியாக இருக்கிறது தெரியுமா? வாசிக்கத்தானே அதை எழுதினார்கள்! ஆத்திரமாக வருகிறது. வேறு யார்மேலும் இல்லை, என்மேல்தான்.

விற்றவர் குடும்பத்தோடு ராஜபாளையம் போய்ச் சாவியைக் கொடுத்தனுப்பினார். அந்த இரண்டாம் சனிக்கிழமை எனக்கு விடுமுறை. வெள்ளையடிக்க எவ்வளவு சுண்ணாம்பு வேண்டியிருக்கும் என்று பார்க்க மத்தியானம் இரண்டு மணிக்குத் தனியாகப் போனேன். சனிக்கிழமை இரண்டு மணி என்பது நல்ல எமகண்டம். அது எனக்கு அப்போது நினைவில்லை.

முற்றத்துக்கு வந்தால் மூலை அறைக் கதவு திறந்திருந்தது. வாசல்படியில் வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மாள் உட்கார்ந்து முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். உள்ளே ஒரு மண் அடுப்பும் டிரங்குப் பெட்டியும் கொடியில் இன்னொரு வெள்ளைச் சேலையும் தெரிந்தன. விறகும் இல்லை, ஓட்டைச் சாமானும் இல்லை.

"யாரும்மா? வீட்டுக்காரவ ராஜபாளையம் போயிட்டாவளே," என்றார் அவர் எழுந்து.

"இந்த வீட்டை நாங்கதான் வாங்கியிருக்கோம். நீங்க யாரு?"

அவர் முறத்தைக் கீழே வைத்தார். "வாங்கியாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் விற்றவரின் அண்ணன் மனைவி. கல்யாணமாகி மூன்றாம் வருஷம் புருஷன் போய்விட்டார். பிள்ளை இல்லை. அன்றிலிருந்து இந்த அறைதான். நாங்கள் வீடு பார்க்கப் போன மூன்று நாளும் அவர் உள்ளேதான் இருந்திருக்கிறார், அந்தத் திண்டுக்கல் பூட்டுக்கு அந்தப் பக்கம்.

"எம்புள்ளையப் பொண்ணு பாக்க வாராவ மைனி, நல்ல காரியம், செத்த நேரம் உள்ள இருந்துக்கிடுங்கன்னு கொழுந்தன் சொன்னான். நாந்தான் வெளிய பூட்டிக்கிடுன்னேன். தெரியாத்தனமா நான் எதுக்க வந்து நின்னு, நல்ல காரியம் கெட்டுரக் கூடாதுல்லா?" என்றார். சற்று யோசித்துவிட்டு, "அன்னைக்கு ஒருத்தர் செவுத்தை அடிவச்சு எண்ணுனாரே, அது உங்க வீட்டுக்காரரா? பொண்ணு பாக்க வந்தவ எதுக்குச் செவுத்தை அளக்காவன்னு நெனச்சேன்," என்றார்.

ஆமாம் என்றேன். கிளம்பும்போது அவர் பின்னாலேயே வாசல்வரை வந்தார். "எங்க மாமா எனக்கு இந்த இடத்தை எழுதி வச்சிருக்காவன்னு சொல்லுவாவ. எனக்கு வாசிக்கத் தெரியாது. பத்திரத்துல பாருங்கம்மா," என்றார்.

வீட்டுக்கு வந்து சாமி அலமாரியிலிருந்து மூலப்பத்திரத்தை எடுத்தேன். முதல் இரண்டு பக்கம் முழுக்க ஒரே வாக்கியம். கிழக்கு மேற்கு தெற்கு வடக்கு எல்லாம் சொல்லி முடித்து, மூன்றாம் பக்கத்தில் இருந்தது: மேற்படி வீட்டின் வடமேல் மூலையில் உள்ள அறையில் காலஞ்சென்ற என் மூத்த குமாரனின் மனைவி தன் ஆயுள் பரியந்தம் குடியிருந்துகொள்ள வேண்டியது. அதற்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை. பத்திரத்தை வீசியெறிந்தேன் என்று சொன்னால் பொய். மஞ்சள் தடவியதாயிற்றே, பயந்துகொண்டு மெதுவாகத்தான் வைத்தேன்.

மறுநாளே பஸ் ஏறி ராஜபாளையம் போனோம். விற்றவர் கொஞ்சமும் அசரவில்லை. காபி கொடுத்து உபசரித்தார்.

"நான் எதையும் மறைக்கலையே தங்கச்சி. மூலப்பத்திரத்தை உங்க கையிலதான கொடுத்தேன்? ரெண்டு பேரும் படிச்சவங்கதான?"

"உயிரோட இருக்கிற மனுசியை உள்ள வச்சுப் பூட்டினீங்களே!"

"அது உங்க நல்லதுக்குல்லா? நல்ல நேரத்துக்கு வாரோம், நல்ல நேரத்துக்கு வாரோம்னு ஆள் விட்டதே நீங்கதான. அன்னைக்கு அவ முன்னால வந்து நின்னிருந்தா நீங்க வீட்டுக்குள்ள காலெடுத்து வச்சிருப்பியளா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் தலையை ஆட்டினார். அவர் சொல்வதும் சரிதானே என்பதுபோல! வரும் வழியெல்லாம் பஸ்ஸில் நான் அவரோடு பேசவில்லை.

அடுத்து எழுத்தர். வாசித்தீர்களா இல்லையா, ஒன்றைச் சொல்லுங்கள் என்று மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

"வாசிச்சேன் யம்மா. சொன்னா நீங்க வாங்கமாட்டிய. அவருக்கு வித்தாகணும், உங்களுக்கும் வீடு வேணும். இதெல்லாம் ஒரு வில்லங்கமா? புள்ளை குட்டி இல்லாத பொம்பள. எத்தனை வருசம் இருந்துரப் போகுது?" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

ஒரு மனுஷி எப்போது சாவாள் என்று கணக்குப் போட்டு அதை யோசனை என்று விற்கிற ஆளிடம் நாங்கள் இரண்டு கையாலும் கூலி கொடுத்திருக்கிறோம். இதையும் வீடு வாங்குகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம். உங்களுக்கு எழுதுகிற எழுத்தர்தான் எதிராளிக்கும் எழுதுகிறார். அவருக்கு வேண்டியது கிரயம் முடிய வேண்டும் என்பது. உங்கள் பத்திரத்தை உங்களுக்காக வாசிக்க நீங்கள்தான் இருக்கிறீர்கள். இல்லையென்றால் உங்களிடம் மட்டும் பணம் வாங்குகிற ஒரு வக்கீலைப் பிடியுங்கள். பதிமூன்று வருஷ வில்லங்கம் பார்த்துவிட்டுச் சந்தோஷப்படாதீர்கள், முப்பது வருஷத்துக்குப் போடுங்கள். பெற்றவர் எழுதி வைத்த சொத்து என்றால் அவருக்கு எத்தனை பிள்ளைகள், எத்தனை மருமகள்கள், யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெருவில் நாலு வீட்டில் விசாரியுங்கள். நாங்கள் பக்கத்து வீட்டில் விசாரித்தது கிணறு வற்றுமா என்பதை மட்டும்தான்.

பால் காய்ச்சுவதற்கு ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்திருந்தோம். புதன்கிழமை சாயங்காலம் என் கணவர் ஒரு முத்திரைத் தாளையும் எழுத்தர் கைப்பட எழுதிய ஒரு நகலையும் கொண்டுவந்து டைப்ரைட்டர் பக்கத்தில் வைத்தார். அலுவலக வேலை போக வீட்டிலும் நான் டைப் அடித்துக் கொடுப்பதுண்டு, பழைய மெஷின் ஒன்று இருந்தது. நகலை வாசித்தேன். மேற்படி அறையில் எனக்குள்ள பாத்தியத்தை மனப்பூர்வமாக விட்டுக்கொடுத்து இன்று முதல் காலி செய்து சிவகிரியிலுள்ள என் சகோதரன் வீட்டுக்குப் போய்விடுகிறேன். கீழே, கைநாட்டுக்கு இடம்.

"அந்தம்மாகிட்ட என்ன சொல்லிக் கைநாட்டு வாங்கப் போறீங்க?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "விதவை பென்ஷனுக்கு மனுன்னு சொல்லச் சொன்னார் எழுத்தர். நீ தாலுகா ஆபீஸ்லதானே இருக்க. நீ சொன்னா நம்புவாங்க."

பென்ஷன் மனுக்கள் எத்தனை அடித்திருக்கிறேன்! பெருவிரல் மையோடு நடுங்கிக்கொண்டு நிற்கிற எத்தனை பேரைத் தினமும் பார்க்கிறேன்! அந்த வேலையை வைத்தே ஒருத்தியை ஏமாற்றச் சொல்கிறார்கள். இப்படிப் பதியாமல் வாங்குகிற விடுதலைப் பத்திரத்துக்குச் சட்டத்தில் காலணா மதிப்பில்லை. அது எனக்கும் தெரியும், எழுத்தருக்கும் தெரியும். ஆனால் வாசிக்கத் தெரியாத ஒரு மனுஷியைத் தெருவுக்கு அனுப்ப அந்த ஒரு தாள் போதும். சிவகிரி அண்ணன் வீட்டில் மருமகள்கள் வந்த பிறகு தனக்குப் படுக்க இடமில்லை என்று அவரே என்னிடம் சொல்லியிருந்தார். இந்த அறை போனால் அவருக்குப் பஸ் ஸ்டாண்டுதான்.

"நான் அடிக்கமாட்டேன். வேற யாராவது அடிச்சுக் கைநாட்டு வாங்கினா, நானே கோர்ட்டுல வந்து சொல்லுவேன்," என்றேன்.

"நம்ம மொத்தச் சேமிப்பும் அந்த வீட்டுலதான் இருக்கு. பொழைக்கத் தெரியாதவளைக் கட்டிட்டேன்," என்று கத்தினார் அவர். அவர் கெட்டவர் இல்லை. பயந்துபோயிருந்தார். பயந்த மனுஷன் இந்த அளவுக்குப் போவான் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

வியாழக்கிழமை அலுவலகம் விட்டதும் மூலப்பத்திரத்தையும் அந்த நகலையும் எடுத்துக்கொண்டு நேரே அந்த அறைக்குப் போனேன். "அக்கா, ரெண்டு காகிதம் வாசிக்கப் போறேன். ரெண்டும் உங்களைப் பத்தினதுதான்," என்றேன். முதலில் நகலை வாசித்தேன். இதைத்தான் பென்ஷன் மனு என்று சொல்லிக்கொண்டு வருவார்கள், வந்தால் கை நீட்டாதீர்கள் என்றேன். பிறகு மூலப்பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தை வாசித்தேன்.

"ஆயுள் பரியந்தம்னா?"

"உங்க உயிர் இருக்கிற வரைக்கும். வித்தவரும் உங்களைக் கிளப்ப முடியாது, நாங்களும் கிளப்ப முடியாது."

"இன்னொரு தடவை வாசிங்க," என்றார். வாசித்தேன். முப்பது வருஷத்தில் அவருக்கு யாரும் அதை வாசித்துக் காட்டியதில்லை. இந்தத் தடவை நான் நிறுத்தவில்லை. அன்றைக்கு என்னைச் சுடுகிற வரி வந்ததும் விட்டுவிட்டேனே, அதற்கு அடுத்த வரிக்குப் போனேன். மேற்படியாள் முற்றத்திலுள்ள கிணற்றில் தடையின்றித் தண்ணீர் எடுத்துக்கொள்ளவும், வாசல் வழியாகப் போக்குவரத்துச் செய்துகொள்ளவும் வேண்டியது.

"கிணறா?" என்றார் அவர்.

"ஆமா. கிணத்துத் தண்ணியும் உங்களுக்கு உண்டு."

"மாமா போன பெறவு கொழுந்தன் சொன்னான், மைனி, ரூம்தான் உங்களுக்கு, கிணறு எனக்குன்னு. அன்னையிலிருந்து தெருக்குழாய்லதான் எடுக்கேன். தண்ணி வராத நாள்ல மூணு தெரு தள்ளிப் போவேன்." அவர் அறை வாசலுக்கும் கிணற்றுக்கும் நடுவே எட்டு அடிகூட இல்லை. "எழுதியிருந்துச்சா? நெசமாவே எழுதியிருந்துச்சா?"

என் கையிலிருந்த தாளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். வாளியை இறக்கி இழுத்து, முதல் வாளித் தண்ணீரைத் தன் கால்களில் ஊற்றிக்கொண்டார். அடுத்த வாளியைக் குடத்தில் ஊற்றினார். அழுவார் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. நான்தான் அழுதேன், துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில். விற்றவர் அப்போது கண்முன் வந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தவர் என்னிடம் கேட்டார்: "நாளைக்கு எத்தனை மணிக்கும்மா பால் காய்ச்சுதிய?"

"ஒன்பதே காலுக்கு."

"ஒன்பதுக்கே நான் கதவைச் சாத்திக்கிடுதேன். சாப்பாடெல்லாம் முடிஞ்சு உங்க சனமெல்லாம் போன பெறவு வெளிய வாரேன். நீங்க ஒண்ணும் பயப்படாதிய."

அதெல்லாம் வேண்டாம், எங்களோடு வந்து நில்லுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ராஜபாளையத்தில் கத்தினேன், எழுத்தர் மேஜைக்கு முன்னால் கத்தினேன், கட்டிய புருஷனைக் கோர்ட்டுக்கு இழுப்பேன் என்றேன். இந்த ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை. மாமியார் முகம் ஞாபகம் வந்தது. என் இரண்டு பிள்ளைகளும் ஞாபகம் வந்தார்கள். புது வீடு, முதல் நாள். அவராகவே சொல்லிவிட்டாரே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது, உண்மையாகவே நிம்மதியாக இருந்தது.

"சரிக்கா," என்றேன்.